மீதி 98.84 சதவீதம்

மருந்துக் கடையில் வாங்கும் சாதாரண வலி ஜெல் டியூபைத் திருப்பிப் பாருங்கள். 'டைக்லோஃபெனாக் டைஎத்திலமைன் 1.16%' என்று பொடி எழுத்தில் இருக்கும். அதற்குக் கீழே 'ஜெல் பேஸ், தேவையான அளவு' என்று ஒரு வரி. டாக்டர் எழுதுவது முதல் வரியை. கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதும் முதல் வரியைத்தான். நான் இத்தனை வருஷமாகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருப்பது இரண்டாவது வரிக்கு.

அந்த 1.16-க்கு ஒரு கணக்கு உண்டு. டைக்லோஃபெனாக் 1970-களில் சுவிட்சர்லாந்தின் சிபா-கைகி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த மருந்து. மாத்திரையில் சோடியம் உப்பாக இருக்கும். தோலில் தடவும் ஜெல்லுக்கு அந்த நிறுவனம் டைஎத்திலமைன் உப்பை எடுத்துக்கொண்டது. அதன் மூலக்கூறு எடை கூடுதல். ஆகவே சோடியம் உப்பில் 1 கிராம் என்பது இதில் 1.16 கிராம். இரண்டிலும் உள்ளே இருக்கும் டைக்லோஃபெனாக் ஒன்றுதான். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதல் நாளே இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன். போட்டு முடித்தவர்களிடம் கேட்கிற அடுத்த கேள்வி: "சரி, மிச்சம் 98.84 எதுக்கு?" பெரும்பாலும் "தடவறதுக்கு வசதியா மேடம்" என்று பதில் வரும். அந்தப் பதிலை மாற்றத்தான் அடுத்த ஒன்றிரண்டு வருஷம்.

தோல் மருந்தை உள்ளே விடுவதற்காக ஏற்பட்ட உறுப்பு அல்ல. மேலே இருக்கும் செத்த செல் படலம் பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரான்தான். தலைமுடியின் பருமன்கூடக் கிடையாது. ஆனால் அந்தச் செல்களுக்கு இடையே கொழுப்பு அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. வெளியே உள்ளது உள்ளே போகாமலும், உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாமலும் காப்பது அதுதான். 500 டால்டனுக்கு மேல் எடை உள்ள மூலக்கூறு இதைத் தாண்டுவது அபூர்வம் என்று போஸ், மைனார்டி என்ற இருவர் 2000-இல் எழுதினார்கள். இன்றும் எங்கள் துறையில் முதல் சல்லடை அதுதான். டைக்லோஃபெனாக் 300-க்குச் சற்றுக் குறைவு, தேறிவிடும். எடையில் தேறினால் போதுமா? மேல் படலம் கொழுப்பு, அதற்குக் கீழே எல்லாம் தண்ணீர். இரண்டிலும் ஒட்டத் தெரிந்த மருந்துதான் போய்ச் சேரும்.

இங்கேதான் இழுபறி ஆரம்பிக்கிறது. டைக்லோஃபெனாக் ஓர் அமிலம். பி.எச். 7 பக்கத்தில் வைத்தால் கிட்டத்தட்ட முழுவதும் அயனியாகிவிடும். தண்ணீரில் அழகாகக் கரையும், ஜெல் கண்ணாடியாக இருக்கும், ஆனால் அயனிக்குக் கொழுப்புப் படலத்தில் வேலையில்லை. பி.எச்.சைக் கீழே இறக்கினால் அயனியாகாத பங்கு கூடும். அது தோலுக்குப் பிடித்த வடிவம். ஆனால் அதே வேகத்தில் மருந்து கரைசலிலிருந்து பிரிந்து ஊசி ஊசியாகப் படிகம் கட்ட ஆரம்பிக்கும். டியூபில் நிற்க வேண்டுமானால் ஒரு பி.எச்., தோலுக்குள் போக வேண்டுமானால் வேறு ஒரு பி.எச். நடுவில் எங்கே நிறுத்துவது என்பதை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஆல்கஹால் எவ்வளவு, புரோப்பிலீன் கிளைகால் எவ்வளவு, எண்ணெய் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து அந்த இடம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

கரைப்பான் விஷயத்தில் எல்லாருக்கும் ஒரு தப்பெண்ணம் உண்டு. மருந்து நன்றாகக் கரைந்தால் நன்றாக உள்ளே போகும் என்று நினைப்பார்கள். நேர்மாறு. கரைப்பானில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும் மருந்து ஏன் எழுந்து தோலுக்குள் போக வேண்டும்? இன்னும் கொஞ்சம் சேர்த்தாலும் கரையாது என்ற நிலைக்குப் பக்கத்தில் வைத்திருந்தால்தான் அதற்கு வெளியேறும் உந்துதல் இருக்கும். தகேரு ஹிகுச்சி 1960 வாக்கிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார். ஆனால் விளிம்பில் வைத்திருப்பது ஆபத்து. ராத்திரி குளிர்ந்தால் படிகம். ஆகவே நல்ல ஃபார்முலாவில் விளிம்பு டியூபுக்குள் இருக்காது, முழங்காலில் இருக்கும். தடவித் தேய்த்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஆவியாகிப் போகிறது. மிஞ்சுகிற மெல்லிய படலத்தில் மருந்தின் செறிவு திடீரென்று ஏறுகிறது. கரையக்கூடியதற்கும் மேலே, ஆனால் இன்னும் படிகமாகாமல், சில நிமிஷம். அந்தச் சில நிமிஷத்தை நீட்டுவதுதான் எங்கள் கைவரிசை. நீங்கள் 'ஜில்லுனு இருக்கு' என்று சொல்கிற அதே ஆவியாதல்தான் மருந்தைத் தள்ளுகிறது.

தோலை வம்படியாகத் திறக்கும் வழிகளும் உண்டு. டி.எம்.எஸ்.ஓ. என்ற கரைப்பான் அதில் பெரிய பெயர். 1960-களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஸ்டான்லி ஜேக்கப் அதைப் பிரபலமாக்கினார். பென்செய்ட் என்று அங்கே விற்ற 1.5% டைக்லோஃபெனாக் கரைசலில் 45.5% அதுதான். கையில் பட்டால் கொஞ்ச நேரத்தில் வாயில் பூண்டு வாடை வரும். தோலைத் தாண்டுகிறது என்பதற்கு அதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை. ஆனால் தினமும் நாலு வேளை தடவுகிற இடத்தில் தோல் உலர்ந்து செதிலாகும். எனக்கு அது பிடிப்பதில்லை.

இனி ஜெல்லைக் கட்டுவது. பெரும்பாலும் கார்போமர், லேபில் எல்லாரும் கார்போபால் என்று வியாபாரப் பெயரிலேயே சொல்வோம். பஞ்சாகப் பறக்கும் வெள்ளைப் பொடி, மூக்கில் ஏறினால் தும்மல் நிற்காது. இதைத் தண்ணீரில் கொட்டினீர்கள் என்றால் போச்சு. வெளிப்பக்கம் ஊறி, உள்ளே காய்ந்த பொடியோடு மீன் முட்டை மீன் முட்டையாகக் கட்டி விழும். அப்புறம் எத்தனை மணி நேரம் கலக்கினாலும் உடையாது. உப்புமாவுக்கு ரவை தூவுகிற கைதான் வேண்டும்: தண்ணீர் சுழன்றுகொண்டே இருக்க வேண்டும், பொடி சல்லடை வழியாகச் சன்னமாக விழ வேண்டும், அவசரம் கூடாது. தூவி முடித்ததும் கலக்கியை நிறுத்தி ராத்திரி முழுக்க ஊற விடுவோம். காலையில் பார்த்தால் மங்கலான, நீர்த்த, பி.எச். 3 சுமார் உள்ள ஒரு திரவம். ஜெல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

அதில் டிரைஎத்தனாலமைனையோ டைஎத்திலமைனையோ சொட்டுச் சொட்டாக விடும்போதுதான் வேடிக்கை. பாலிமர் சங்கிலியில் உள்ள அமில முனைகள் எதிர்மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளுகின்றன. சுருண்டு கிடந்த சங்கிலி விரிகிறது, தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. கலக்கியின் சத்தம் மாறும். மோட்டார் திணறும். சுழல் மூடிக்கொள்ளும். மங்கல் போய்ப் பளிச்சென்று தெளியும். பழகியவர்கள் பி.எச். மீட்டரைப் பார்ப்பதற்கு முன்பே சத்தத்தை வைத்து நிறுத்திவிடுவார்கள். எங்கள் பிளான்ட்டில் பத்தாம் வகுப்பு வரை படித்த ஆபரேட்டர் அண்ணன் ஒருவர் இருந்தார். "போதும்மா, நிறுத்து" என்பார். மீட்டரில் பார்த்தால் 6.8 என்று நிற்கும். அவரிடம் கற்றது எனக்குக் கல்லூரியில் கிடைக்காதது.

இப்படிக் கட்டிய ஜெல்லை நொடியில் கெடுக்க உப்பு போதும். சோடியம் அயனி வந்து எதிர்மின்னேற்றங்களை மூடிவிட்டால் சங்கிலிகளுக்குள் தள்ளுதல் போய்விடும்; மறுபடி சுருண்டுகொள்ளும். கையால் அள்ளினால் நிற்கிற ஜெல்லில் டைக்லோஃபெனாக் சோடியம் கரைசலை ஊற்றிப் பாருங்கள். கண்ணெதிரே இளகி ஓடும். சோடியம் உப்பை வைத்தே கார்போமர் ஜெல் அமெரிக்காவில் 2007-இல் அனுமதி வாங்கியிருக்கிறது. முடியாது என்றில்லை, எண்ணெயும் அமோனியாவும் சேர்த்துப் பாடுபட்டு நிறுத்த வேண்டும். உபயோகிப்பவருக்கும் இதில் ஒரு சங்கதி: வியர்வையிலும் உப்புதான். சித்திரை வெயிலில் வியர்த்த முதுகில் தடவினால் ஜெல் தண்ணீராக வழியும். மருந்து போலி என்று புகார் எழுதுவார்கள். துடைத்துவிட்டுத் தடவினால் வழியாது.

ஜெல் பார்க்க நன்றாக இருக்கிறது, சரி. மருந்து தோலைத் தாண்டுகிறதா? இதற்குத் தாமஸ் ஃபிரான்ஸ் 1975-இல் எழுதிய கட்டுரையோடு அவர் பெயராலேயே வழங்கும் கண்ணாடிச் செல் இருக்கிறது. இரண்டு துண்டு. கீழ்த் துண்டில் இரத்தத்துக்குப் பதிலாக பி.எச். 7.4 பஃபர், அடியில் சின்னக் காந்தக் குச்சி சுழன்றுகொண்டிருக்கும், சுற்றிலும் வெந்நீர் உறை. மேலே தோல், தோலின் மேற்பரப்பு 32 டிகிரியில் நிற்க வேண்டும். அதன் மேல் ஜெல். பக்கவாட்டுக் குழாய் வழியாக நேரத்துக்கு நேரம் ஊசியால் கொஞ்சம் பஃபரை எடுத்து, எடுத்த அளவுக்குப் புதிதாக ஊற்றி, எடுத்ததில் எவ்வளவு மருந்து இருக்கிறது என்று அளக்க ஹெச்.பி.எல்.சி. கருவிக்கு அனுப்புவோம். எழுதும்போது எளிது. தோலுக்கு அடியில் கடுகளவு காற்றுக் குமிழி ஒன்று தங்கினால் அந்த இடத்தில் மருந்து கீழே இறங்காது. செல்லைச் சாய்த்து, குமிழியைக் குழாய்ப் பக்கம் ஓட்டி வெளியேற்ற வேண்டும். பஃபரில் கரைந்த காற்றை முன்னாடியே எடுக்காவிட்டால் சூட்டில் புதுக்குமிழி வந்துகொண்டே இருக்கும். 24 மணி நேர ஓட்டம் என்றால் ராத்திரி யாராவது விழித்திருந்து குமிழி பார்க்க வேண்டும்.

தோலுக்கு எங்கே போவது? மனிதத் தோல் கிடைப்பது கஷ்டம். அதற்கு ஓரளவு நெருக்கமானது பன்றிக் காதின் வெளிப்புறத் தோல். இறைச்சிக் கடையில் சொல்லி வைத்திருந்தோம். பன்றியை அறுத்ததும் முடி போகச் சுடுதண்ணீர் ஊற்றுவார்கள், அல்லது தீயில் வாட்டுவார்கள். அப்படிச் செய்த தோலில் தடுப்பே இருக்காது. எந்த ஜெல்லும் அபாரமாகத் தாண்டும். எனவே அதற்கு முன்னாலேயே காதை அறுத்து ஐஸில் போட்டுவிட வேண்டும் என்று கடைக்காரப் பையனிடம் தலையால் அடித்துக்கொண்டு சொல்வேன்.

"காதை மட்டும் வெச்சு என்னக்கா பண்றீங்க?"

"மூட்டு வலி மருந்து தடவிப் பாக்கறோம் தம்பி."

"பன்னிக்கு ஏதுக்கா மூட்டு வலி?"

அவனுக்கு விளக்கிச் சொன்னதும் வாரம் தவறாமல் எடுத்துவைத்தான். முடியைக் கத்தரியால்தான் வெட்ட வேண்டும். மழித்தால் மேல் படலம் சீவிப் போகும். குருத்தெலும்பிலிருந்து தோலை ஸ்கால்பெல்லால் மெதுவாக உரித்து, அடியில் ஒட்டியிருக்கும் கொழுப்பை எடுத்து, ஓட்டை இருக்கிறதா என்று மின்தடை பார்த்த பிறகே செல்லில் பூட்டுவோம்.

எலித் தோலில் செய்த எம்.ஃபார்ம். ஆய்வேடுகள் நம் கல்லூரி நூலகங்களில் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. எலித் தோல் மனிதத் தோலைவிட எவ்வளவோ தாராளமாக மருந்தை விடும். எல்லா ஜெல்லும் ஜெயிக்கிற பரீட்சை அது. அதைவிட நுணுக்கமான ஏமாற்று ஒன்று உண்டு. செல்லின் கிண்ணத்தில் ஜெல்லைக் குவித்து வைத்து அளப்பது. குவியல் காயாது, ஈரமாக, மூடி வைத்த பாங்கில், மணிக்கணக்காக மருந்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நிஜ முழங்காலில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில மில்லிகிராம்தான், அதுவும் ஐந்து பத்து நிமிஷத்தில் காய்ந்துபோகும். குவித்து அளந்து முதலிடம் வாங்கிய ஃபார்முலா, மெல்லிசாகத் தடவி அளந்தபோது கடைசிக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து ஒருவர் வரைபடம் காட்டினால் முதலில் எத்தனை மில்லிகிராம் வைத்தீர்கள் என்றுதான் கேட்பது.

இதற்குப் பிறகு நிலைப்புச் சோதனை. 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாதம். பக்கத்தில் 30 டிகிரியில் நீண்ட காலம். மெந்தால் டியூபின் மடிப்பு வழியாகவே கசிந்து பறந்துவிடும். அலுமினிய டியூபின் உள்பூச்சில் கீறல் இருந்தால் ஜெல் கறுக்கும். இவையெல்லாம் பொறுமையின் வேலை, சொல்ல அதிகம் இல்லை.

மெந்தால் என்றதும் மார்க்கெட்டிங்காரர்கள் நினைவுக்கு வருகிறார்கள். "மருந்து போகுது மேடம், ஆனா பிடிக்க மாட்டேங்குதே" என்பார்கள். பிடிப்பது என்றால் சுரீரென்று இருக்க வேண்டும், வாசனை அடுத்த அறைக்குப் போக வேண்டும். 1893-இல் பம்பாயில் ஆரம்பித்துப் பின்னால் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சனம், ஊட்டிக்குப் போனவர்கள் தவறாமல் வாங்கிவரும் விண்டர்கிரீன் தைலம், சிங்கப்பூர்க் கோடாலித் தைலம் என்று மூன்று நான்கு தலைமுறை பழகிய மூக்கு நம்முடையது. அந்த விண்டர்கிரீன் வாசனைதான் மெத்தில் சாலிசிலேட். இந்தியாவில் ஓடும் ஜெல்களில் பல, டைக்லோஃபெனாக்கோடு 10% மெத்தில் சாலிசிலேட், 5% மெந்தால், 3% ஆளிவிதை எண்ணெய் என்ற கூட்டணி. மெந்தால் தோலைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்பு வாயிலைத் தட்டிவிடுகிறது. மிளகாயின் கேப்செய்சின் சூட்டை உணரும் வாயிலைத் தட்டுகிறது. அதைக் கண்டறிந்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் கிடைத்தது. மூளை அந்தக் குளிரைக் கவனிக்கும்போது வலிக்குக் கவனம் குறைகிறது. ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். வலியும் மூளையில்தானே தெரிகிறது?

ஆனால் மருந்தில்லாமலே கிடைக்கும் நிவாரணம் எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. காக்ரேன் குழு 2015, 2016-இல் தடவும் வலி மருந்துச் சோதனைகளைத் தொகுத்தது. சுளுக்கு மாதிரி புதிதாக வந்த வலியில் டைக்லோஃபெனாக் எமல்ஜெல் (எண்ணெய் கலந்த ஜெல்) தடவியவர்களில் 78% பேருக்கு நல்ல நிவாரணம். மருந்தில்லாத ஜெல் தடவியவர்களில் 20%. பிரமாதம். நாள்பட்ட மூட்டுத் தேய்மானத்தில் மருந்தோடு 60%, மருந்தில்லாமல் 50%. அதாவது பாதிப் பேருக்கு வெறும் பேஸே போதுமாக இருந்திருக்கிறது. என் 98.84 சதவீதத்துக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். பாராட்டாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. தேய்ப்பது, நாள்பட்ட வலி தானாக ஏறி இறங்குவது, கவனிப்பு கிடைத்த நிம்மதி எல்லாம் அந்த 50-க்குள் இருக்கின்றன. மருந்தின் சொந்தச் சம்பாத்தியம் மிச்சப் பத்து. அந்தப் பத்து பொய்யில்லை. வயிற்றையும் கிட்னியையும் அதிகம் தொடாமல் கிடைக்கிற பத்து. ஒரு முழங்காலுக்கு முழு அளவு தடவினாலும் இரத்தத்தில் சேர்வது மாத்திரையில் சேர்வதில் 6% சுமார்தான். வயதானவர்களுக்கு அது சின்ன விஷயம் அல்ல. பிரிட்டனின் நைஸ் அமைப்பு முழங்கால் தேய்மானத்துக்கு முதலில் தடவும் மருந்தைக் கொடு என்று சொல்வதற்குக் காரணம் அதுதான்.

'முழு அளவு' என்று சொன்னேனே, எனக்குப் பெரிய மனத்தாங்கல் அதில்தான். அமெரிக்கப் பெட்டியில் ஜெல்லோடு ஓர் அளவு அட்டை வரும். முழங்காலுக்கு ஒரு வேளைக்கு 4 கிராம், அட்டையில் நாலரை அங்குல நீளக் கோடு. ஒரு நாளைக்கு நாலு வேளை, ஆக 16 கிராம். நம் கடையில் 30 கிராம் டியூப் வாங்கினால் ஒரு முழங்காலுக்கு இரண்டு நாள்கூட வராது. நம் வீட்டில் அதே டியூப் அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கிறது. பட்டாணி அளவு பிதுக்கி, இரண்டு முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் பங்கு போடுகிறோம். வாங்குகிற விலைக்கு அப்படித்தான் செய்ய முடியும். ஆனால் சோதனையில் ஜெயித்தது அந்தப் பட்டாணி அல்ல. அட்டையை நம் பெட்டியிலும் போடலாம் என்று ஒரு கூட்டத்தில் சொன்னேன். "இரண்டு நாளில் தீரும் டியூப் என்று ஜனங்களுக்குத் தெரிந்தால் யார் வாங்குவார்கள்?" என்று கேட்டார் விற்பனைப் பிரிவின் பெரியவர். கேள்வி நியாயம்தான். 100 கிராம் டியூபை நியாய விலைக்குக் கொடுக்கலாமே என்று நான் சொன்னது குறிப்பேட்டில் ஏறியது, அதோடு சரி.

கல்யாண வீடுகளில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து எந்த ஜெல் நல்லது என்று கேட்பார்கள். பெயர் சொல்ல மாட்டேன். எங்கே வலி என்று கேட்பேன். முழங்கால், கைவிரல், கணுக்கால் என்றால் தடவுங்கள், தாராளமாகத் தடவுங்கள், ஒரு மணி நேரம் கழுவாதீர்கள் என்பேன். இடுப்பு மூட்டு என்றால் காசை மிச்சம் பிடியுங்கள். அந்த மூட்டு சதைக்கு அடியில் வெகு ஆழத்தில் இருக்கிறது, மேலே தடவுவது அங்கே போய்ச் சேரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. மெத்தில் சாலிசிலேட் உள்ளதைத் தடவிவிட்டு வெந்நீர்ப் பை வைக்காதீர்கள், துணி சுற்றி இறுக்காதீர்கள், புண்ணாகும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் என்றால் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவே வேண்டாம். வெறும் குளுமைதான் வேண்டும் என்றால் பழைய தைலமே போதும், விலை குறைவு. போன மாதம் ஒரு மாமி இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் சரிம்மா, வாசனை எதுல நன்னா இருக்கும்?" என்றார். அதற்கு மட்டும் ஒரு பெயரைச் சொல்லிவிட்டேன்.